ஒரே விலாசத்தில் இருவர்

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? நாற்காலியை மாற்று என்று மூன்று வருடமாகச் சொல்கிறேன். நாற்காலி வாடகைக்கு விடுகிறவள் சொன்னால்கூடக் கேட்க மாட்டாயா?

நீ அனுப்பிய மூன்றாம் பதிப்பு நன்றாக ஓடுகிறது. கார்டுப் பெட்டிகளை எல்லாம் மாடிக்கு ஏற்றிவிட்டோம். கட்டில், வீல்சேர், வாக்கர், ஆக்ஸிஜன் மெஷின் எது எந்த நோயாளியின் வீட்டில் இருக்கிறது, என்றைக்குப் போனது, மறுபடி எப்போது ஆள் போய்ப் பார்க்க வேண்டும், எல்லாம் இப்போது உன் புரோகிராமில்தான். பதிகிற வேலை முழுவதும் அண்ணிக்கு. இவருடைய அக்காவை உனக்குத் தெரியும். எங்கள் கல்யாணத்தன்று மழையில் யார் யாருடைய குடையை எடுத்துக்கொண்டு போனார் என்று மறுநாள் வரிசையாகச் சொன்னவர். ஐம்பத்தெட்டு வயதில் மூன்றே நாளில் கம்ப்யூட்டரைப் பழகிவிட்டார்.

ஒரே ஒரு குறை. ஒரே போன் நம்பர், ஒரே விலாசம் என்று வந்துவிட்டால் உன் புரோகிராம் வேலையை நிறுத்திவிட்டு, ‘இவர் ஏற்கெனவே உள்ளவரா?’ என்று கேட்கிறது. அண்ணி பொறுமையாக ‘இல்லை’யை அழுத்துவார். அவர் ஒரு வாரம் லீவில் போனபோது நான் உட்கார்ந்தேன். அந்த வாரத்தில் மட்டும் பதினெட்டுத் தடவை கேட்டது. என் மாமியார் உயிரோடு இருந்தவரை இத்தனை கேள்வி கேட்டதில்லை. இவர் சொல்கிறார்: “உங்க அக்கா எழுதுன புரோகிராம்தானே, அவங்கள மாதிரியே யாரையும் நம்ப மாட்டேங்குது.” கோபித்துக்கொள்ளாதே. அந்தக் கேள்வியை மட்டும் எடுத்துவிடேன், உனக்குப் புண்ணியமாகப் போகும்.

உன் அன்புத் தங்கை

*

ஜனவரி 28

அன்புள்ள வாலு,

நாற்பத்து மூன்று வயதுக்காரியை இப்படிக் கூப்பிடுவது சரியில்லைதான். வேறு எப்படி ஆரம்பித்தாலும் யாருக்கோ எழுதுவது போலிருக்கிறது. முதுகு பரவாயில்லை. நீயும் மாப்பிள்ளையும் அண்ணியும் நலமாக இருப்பது தெரிந்து நிம்மதி.

உன் கடிதத்தை அலுவலகக் கூட்டத்தில் வாசித்தேன், மாமியார் வரியையும் சேர்த்து. சிரித்தார்கள். சின்னக் கடைக்காரர்களுக்கு டேட்டாபேஸ் புரோகிராம் எழுதும் எங்கள் பதினோரு பேரில் கடை நடத்தியவர் ஒருவருமில்லை. பயன்படுத்துகிறவர் என்ன நினைப்பார் என்று ஒரு வருடமாக நாங்களாகவே கற்பனை செய்து வாதாடிக்கொண்டிருந்தோம். உன் ஒரு பக்கம் அந்த வாதத்தை முடித்துவிட்டது. நான்காம் பதிப்பில் அந்தக் கேள்வி வராது. வெள்ளிக்கிழமை கடையை மூடும்போது புரோகிராமே எல்லாப் பதிவுகளையும் பார்த்து ஒழுங்கு செய்துகொள்ளும். நீங்கள் எதையும் தொட வேண்டாம்.

சோதனைப் பிரிவில் இருக்கும் பெண்ணுக்கு மட்டும் இதில் திருப்தியில்லை. அவளுக்கு எதிலுமே திருப்தி கிடையாது. அதற்குத்தான் அவளுக்குச் சம்பளம்.

டிஸ்க் மார்ச் முதல் வாரம் வரும். உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா

*

ஏப்ரல் 14

அன்புள்ள அக்காவுக்கு,

நலமாக இருக்கிறாயா? எனக்கு இருமல், வேறொன்றுமில்லை.

நான்காம் பதிப்பு வந்ததிலிருந்து கடையில் அமைதி. கேள்வியே இல்லை. உன்னைப் பற்றி இவர் சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறாராம். பக்கத்துத் தெரு மருந்துக்கடைக்காரரும் வந்து பார்த்துவிட்டு வாங்கப் போவதாகச் சொன்னார்.

ஆனால் போன வாரம் ஒரு சங்கடம். ரொட்டிக்கடைக்காரர் வீட்டில் அவர் அம்மாவுக்கு ஏற்கெனவே எங்கள் கட்டில் இருக்கிறது. பிறகு அவர் மனைவிக்கு மூச்சுத் திணறல் வந்து ஆக்ஸிஜன் மெஷினும் வாங்கிப் போனார். பத்து நாளில் எங்கள் மெக்கானிக் போய் வடிகட்டியை மாற்ற வேண்டும். போகவில்லை. ஏனென்றால் பதிவே இல்லை. கம்ப்யூட்டரில் அம்மாவின் கட்டில் மட்டும்தான் இருக்கிறது. மெஷின் அடைத்துக்கொண்டு நின்று, அந்த அம்மாளை ஆம்புலன்ஸில் கொண்டுபோனார்கள். பிழைத்துக்கொண்டார், கடவுளே.

அண்ணி சத்தியம் செய்யாத குறை. “செவ்வாய்க்கிழமை நான் எழுதினேன். சாயங்காலம் இன்னொரு தடவை பார்த்தேன், இருந்துச்சு.” இவர், “இருந்தது எங்க போகும்? கம்ப்யூட்டர் தின்னுடுச்சா?” என்றார். அண்ணி மறுபடியும் திரையில் தேடினார். எழுதாமலே எழுதியதாக நினைத்துக்கொண்டிருப்பார் என்றுதான் எனக்கும் படுகிறது. வயதாகிறதே.

உன் தங்கை

*

ஏப்ரல் 30

அன்புள்ள வாலு,

இருமலுக்கு மருந்து சாப்பிடுகிறாயா? நான் நலம்.

ரொட்டிக்கடைக்காரரின் மனைவி தேறிவிட்டாரா? அதை முதலில் எழுது.

இன்னொன்று, சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன். வேறு பதிவுகள் ஏதாவது இப்படி விடுபட்டனவா? அப்படி என்றால், அவையும் ஒரே வீட்டில் இரண்டு பேர் இருக்கும் இடங்களா? எங்கள் புள்ளிவிவரத்துக்கு உதவும்.

அண்ணியை ரொம்பக் கேட்டுத் தொந்தரவு செய்ய வேண்டாம்.

அக்கா

*

மே 11

அன்புள்ள அக்காவுக்கு,

இருமல் போய்விட்டது. ரொட்டிக்கடை அம்மாள் வீட்டுக்கு வந்துவிட்டார், நடக்கிறார்.

நீ கேட்டது எப்படி என்று இவருக்கு ஆச்சரியம். ஆமாம், இதுவரை எங்கள் கண்ணில் பட்டது ஆறு வீடு. ஆறிலும் இரண்டு இரண்டு பேர். அக்கா தங்கை, அப்பா பிள்ளை, மாமியார் மருமகள். அதைக் கேட்டதும் இவர் முகம் சுருங்கிவிட்டது. இவருடைய அம்மாவுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. முதலில் மகளையும் மருமகளையும் மாற்றிக் கூப்பிட்டார். ஏழு வருடம் இழுத்தது. ஏழு வருடமும் குளிப்பாட்டி, ஊட்டி, திட்டு வாங்கிப் பார்த்துக்கொண்டவர் அண்ணி. அதனால் அவருக்கு எங்களைவிட நன்றாகத் தெரியும், என்ன வரப்போகிறது என்று.

இப்போது எதையும் இரண்டு தடவை பார்க்கிறார். கடையைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிறார். நேற்று அவர் வீட்டுக்குப் போனேன். அடுப்புக்கு மேலே சின்ன எழுத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது: ‘அணைத்தேனா?’ என்னைப் பார்த்ததும் கிழித்துக் கையில் வைத்துக்கொண்டார். நானும் பார்க்காதது மாதிரி டீ கேட்டேன்.

டாக்டரிடம் காட்டலாமா? நீ படித்தவள், நிதானமாக யோசிப்பாய். உடனே எழுது.

உன் தங்கை

*

ஜூலை 20

அன்புள்ள வாலு,

உடனே எழுதச் சொல்லியிருந்தாய். இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. வேலை இருந்தது, பிறகு பல்வலி, மறுபடி வேலை. எதையும் காரணமாகச் சொல்லவில்லை. எல்லோரும் நலம்தானே?

இத்துடன் ஒரு டிஸ்க் வைத்திருக்கிறேன். நான்காம் பதிப்பில் சில சின்னத் திருத்தங்கள். வந்த அன்றே போட்டுவிடு, வெள்ளிக்கிழமைக்கு முன்னால். விசேஷமாக ஒன்றுமில்லை, எல்லாக் கடைகளுக்கும் அனுப்புகிறோம். போட்ட பிறகு அந்தப் பழைய கேள்வி திரும்ப வரும். பொறுத்துக்கொள்.

டாக்டர் விஷயத்தில் அவசரம் வேண்டாம் என்று தோன்றுகிறது. மறக்காத மனிதர் உண்டா? போன வாரம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டே கண்ணாடியைத் தேடினேன்.

மூன்று பக்கம் எழுதியிருந்தேன். இப்போது ஒரு பக்கமாக இருக்கிறது. மற்றது வேறொரு சமயம்.

அண்ணிக்கு என் வணக்கத்தைச் சொல்.

அக்கா

*

ஆகஸ்ட் 9

அன்புள்ள அக்காவுக்கு,

பல்வலி தீர்ந்ததா? பல்லைப் பிடுங்கினார்களா, அடைத்தார்களா? இதையாவது எழுது.

டிஸ்கை வந்த அன்றே போட்டேன். அதற்கு முந்தின வாரம்தான் அண்ணியைப் பதிகிற வேலையிலிருந்து எடுத்தோம். அவரே சாவியையும் குறிப்புப் புத்தகத்தையும் என் முன்னால் வைத்துவிட்டு, “நீயே உட்காரும்மா” என்றார். இப்போது நான்தான். இரண்டு வாரமாக ஒரு பதிவுகூடக் காணாமல் போகவில்லை. கேள்வி கேட்கிறது, கேட்கட்டும், நானும் இல்லை இல்லை என்று அழுத்துகிறேன்.

அதை இவர் அண்ணியிடம் சொல்லியிருக்க வேண்டாம். கெட்ட எண்ணமில்லை, வாய் அப்படி. “பாருக்கா, ஆள் மாறினதும் எல்லாம் சரியாயிடுச்சு.” அண்ணி தலையாட்டினார். “ஆமாப்பா. நானும் அதைத்தான் பார்த்துக்கிட்டிருந்தேன்.”

டாக்டர் ஏதேதோ கேட்டார், கடிகாரம் வரையச் சொன்னார். இந்த வயதுக்குச் சாதாரணம்தான், ஆறு மாதம் கழித்து வாருங்கள் என்றார். டாக்டர் நல்ல மனதுக்குச் சொல்கிறார் என்று அண்ணி முடிவுகட்டிவிட்டார். ஞாபகம் போனவர்களைப் பார்த்துக்கொள்ளும் இல்லம் ஒன்றை அவரே தேடி, விண்ணப்பத்தில் கையெழுத்தும் போட்டாயிற்று. இருபத்திரண்டு வருடம் வாடகைக்கு இருந்த வீட்டைக் காலி செய்வதாக வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டார். செப்டம்பர் ஒன்றாம் தேதி போகிறார். தடுத்துப் பார்த்தேன். “புத்தி இருக்கும்போதே நானே நடந்து போயிடறேன். அம்மாவைச் சுமந்த மாதிரி என்னை யாரும் சுமக்க வேண்டாம்” என்றார்.

அறையைப் பார்க்க நானும் கூடப் போனேன். ஒரு கட்டில், ஒரு ஜன்னல். அண்ணி குனிந்து கட்டில் காலைப் பார்த்தார். எங்கள் கடைச் சீட்டு ஒட்டியிருந்தது. “நம்ம கட்டில். நூத்திப் பதினாலு. போன நவம்பர்ல நான்தான் பதிஞ்சேன்” என்று சொல்லிவிட்டு, நான் என்ன சொல்வேனோ என்று என் முகத்தைப் பார்த்தார். கடைக்கு வந்து கம்ப்யூட்டரில் தேடினேன். நவம்பர்தான்.

உன் கடைசிக் கடிதத்தை இவர் வாசித்துவிட்டு, “உங்க அக்கா எதையோ மென்னு முழுங்கறாங்க” என்றார். உனக்கு உடம்பு சரியில்லையா?

உன் தங்கை

*

ஆகஸ்ட் 17

மதிப்புக்குரிய அண்ணிக்கு,

நாம் இருவரும் இதுவரை கடிதம் எழுதிக்கொண்டதில்லை. உங்கள் நலம் விசாரித்து ஆரம்பிக்க எனக்கு முகமில்லை, அதனால் நேரே சொல்லிவிடுகிறேன்.

நீங்கள் எழுதினீர்கள். எழுதியது இருந்தது. அதை எடுத்தது என் புரோகிராம்.

ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கடையை மூடும்போது அது பதிவுகளை ஒன்றோடொன்று ஒப்பிடும். போன் நம்பரும் விலாசமும் ஒன்றாக இருந்து, இருவரும் பெண்களாகவோ இருவரும் ஆண்களாகவோ இருந்தால், ஒரே ஆளை இரண்டு முறை எழுதிவிட்டீர்கள் என்று தீர்மானித்து, பிந்தியதை நீக்கிவிடும். நீக்கியதை யாருக்கும் சொல்லாது. ரொட்டிக்கடைக்காரரின் மனைவியை அவருடைய மாமியார் என்று நினைத்துக்கொண்டது. செவ்வாய்க்கிழமை நீங்கள் கண்ணால் பார்த்தது சனிக்கிழமை இல்லாமல் போனது இப்படித்தான். முன்பெல்லாம் அது உங்களைக் கேட்டுவிட்டுச் செய்தது. கேட்க வேண்டாம் என்று ஆக்கியது நான்.

என்னை எச்சரிக்கவில்லை என்று சொல்ல முடியாது. பிப்ரவரியில் எங்கள் சோதனைப் பிரிவுப் பெண் கேட்டாள்: “மேடம், ஒரே வீட்டுல மாமியார் மருமகள் ரெண்டு பேர் இருந்தா?” “எத்தனை வீட்டுல அப்படி வரும்?” என்று கேட்டு அவளை அனுப்பிவிட்டேன். எத்தனை வீட்டில் வரும் என்பது என் கையிலேயே இருந்தது. ஒரே வாரத்தில் பதினெட்டுத் தடவை என்று தங்கை எழுதியிருந்தாள். அந்தக் கடிதத்தைத்தான் நான் கூட்டத்தில் வாசித்து எல்லோரையும் சிரிக்க வைத்திருந்தேன்.

இது என் தவறின் பாதி. மறுபாதி இதைவிடக் கெட்டது. ஏப்ரல் கடைசியில் எனக்குச் சந்தேகம் வந்தது. மே மாதம் தங்கை ‘ஆறு வீடு’ என்று எழுதியதும் உறுதியாகிவிட்டது. உறுதியான பிறகும் சொல்லவில்லை. நான்காம் பதிப்புதான் எங்கள் கம்பெனியைத் தூக்கி நிறுத்தியது. எங்கள் குடும்பத்திலும் நான் தவறு செய்யாதவள் என்று ஓர் இடம் வைத்திருக்கிறார்கள். அந்த இடத்திலிருந்து இறங்க மனமில்லை. சத்தமில்லாமல் திருத்தி அனுப்பிவிட்டால் போதும், எல்லாம் அடங்கிவிடும் என்று கணக்குப் போட்டேன். நான் அனுப்பிய திருத்தமே உங்களுக்கு எதிராகச் சாட்சி சொல்லும் என்று எனக்குத் தோன்றவில்லை. நீங்கள் எழுந்ததும் தவறு நின்றது. எல்லோரும் அதைப் பார்த்தார்கள். நீங்களும் பார்த்தீர்கள்.

நீக்கிய பதிவுகள் முழுவதும் அழிந்துவிடவில்லை. கடையின் கோப்புக்குள் கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கின்றன. எங்கள் அலுவலகக் கருவியால் அவற்றைப் பார்க்கலாம். பிரதி ஒன்றை டிஸ்கில் அனுப்பச் சொல்லுங்கள்.

இந்தப் பதிப்பு நானூற்றுப் பன்னிரண்டு கடைகளில் இருக்கிறது. ஒவ்வொன்றிலும் யாரோ ஒருவர் உட்கார்ந்து பதிகிறார். நேற்று முதலாளியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். “வக்கீலைக் கேட்டுட்டு அப்புறம் சொல்லலாம்” என்றார். இன்று காலை எல்லோருக்கும் எழுதித் தபாலில் போட்டுவிட்டேன்.

உங்கள் தம்பியிடமும் என் தங்கையிடமும் இதைக் காட்டுங்கள். தயவுசெய்து இல்லத்துக்குப் போகாதீர்கள். ஒன்றாம் தேதிக்கு முன் கையில் சேர வேண்டும் என்று கூரியரில் அனுப்புகிறேன். மன்னிப்புக் கேட்கிறேன்.

வாலுவின் அக்கா

*

ஆகஸ்ட் 26

அக்கா,

சுகமெல்லாம் விசாரிக்கவில்லை.

அண்ணி உன் கடிதத்தைச் சாப்பாட்டு மேஜையில் வைத்து, எங்கள் இருவரையும் வாசிக்கச் சொன்னார். இவர் இரண்டு தடவை வாசித்துவிட்டு எழுந்து வாசலுக்குப் போனார். “பாருக்கா” என்று சொன்ன வாய் அல்லவா. திரும்பி வரும்போது கண் சிவந்திருந்தது.

நான் விளையாட்டுக்கு எழுதியதை நீ ஏன் வேதம் மாதிரி வாசித்தாய்? எனக்குத் தெரியாது, உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஏப்ரலிலேயே சந்தேகப்பட்டும், புள்ளிவிவரம் என்று என்னிடம் எழுதினாயே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. கண்ணாடியைத் தேடிய கதை வேறு.

நானும் யோக்கியமில்லை. மூன்று மாதம் பக்கத்தில் உட்கார்ந்து அண்ணியின் கையையே பார்த்தேன். ஒரு நாள்கூடத் திரையைப் பார்க்கவில்லை.

கோப்பின் பிரதி இதோ. அண்ணி அனுப்பச் சொன்னார், அனுப்புகிறேன். கொஞ்ச நாள் எனக்கு எழுதாதே.

*

ஆகஸ்ட் 28

வாலுவின் அக்காவுக்கு,

நீங்கள் நலமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். எனக்கு உடம்பில் ஒரு குறையும் இல்லை.

கடிதம் கிடைத்தது. நான் சந்தோஷப்பட வேண்டும் என்று இங்கே இருவரும் எதிர்பார்க்கிறார்கள். முயற்சி செய்தேன். ஏப்ரலிலிருந்து நான் என்னை நம்பவில்லை. ‘எழுதினேன்’ என்று வாய் சொல்லும்போதே, ‘எழுதியிருக்க மாட்டாய்’ என்று உள்ளே ஒருத்தி சொல்லுவாள். நான்கு மாதம் கூடவே இருந்தாள். உங்களுடைய ஒரு கடிதத்தைப் பார்த்ததும் அவள் மூட்டை கட்டிக்கொண்டு போய்விட மாட்டாள். மேலும், நீங்கள் குற்ற உணர்ச்சியில் இருக்கிறீர்கள். என்னைத் தேற்றுவதற்காகக் கொஞ்சம் கூட்டிச் சொல்லியிருக்கலாம். நானும் என் அம்மாவிடம் அப்படிச் சொல்லியிருக்கிறேன்.

அதனால் ஒரு காரியம் செய்தேன். எந்தப் புத்தகத்தையும் பார்க்காமல், யாரையும் கேட்காமல், நான் பதிந்ததாக நினைத்துப் பிறகு காணாமல் போனவற்றை எல்லாம் எழுதினேன். முப்பத்தொன்று வந்தது. வீடு, ஆள், பொருள், தேதி. பட்டியலை இத்துடன் வைத்திருக்கிறேன். கோப்பில் ஒவ்வொன்றாகத் தேடுங்கள். இருப்பதை இருக்கிறது என்றும் இல்லாததை இல்லை என்றும் எழுதுங்கள். வேறு உதவி வேண்டாம்.

இல்லத்துக்கு இரண்டு மாதம் தவணை சொல்லியிருக்கிறேன். என் வீடு போய்விட்டது. வீட்டுக்காரர் வேறொருவருக்கு வாக்குக் கொடுத்துவிட்டார், அவர்மேல் தப்பில்லை. கடைக்கு மேலே கார்டுப் பெட்டிகள் இருக்கும் அறையில் சாமான்களை இறக்கியிருக்கிறேன். பரவாயில்லை என்று எழுதுவதுதான் மரியாதை. எழுத வரவில்லை.

வாலுவின் நாத்தனார்

*

செப்டம்பர் 14

மதிப்புக்குரிய அண்ணிக்கு,

புது இடத்தில் தூக்கம் வருகிறதா? மாடிப்படி செங்குத்து என்று தங்கை முன்பு எழுதியிருக்கிறாள். பார்த்து இறங்குங்கள்.

உங்கள் பட்டியலைத் தேடி முடித்தது ஐந்தாம் தேதி. ஒன்பது நாள் கழித்து எழுதுகிறேன்.

முப்பது இருக்கின்றன. வீடு, ஆள், பொருள், மூன்றும் சரி. தேதிகளில் இரண்டு மட்டும் ஒரு நாள் முன்பின்னாக இருக்கின்றன. ரொட்டிக்கடைக்காரர் வீட்டுப் பதிவு, நீங்கள் சொன்னபடியே செவ்வாய்க்கிழமை. பகல் மூன்று மணி பத்து நிமிடத்துக்கு எழுதப்பட்டிருக்கிறது, அந்த வெள்ளிக்கிழமை நீக்கப்பட்டிருக்கிறது. முப்பதையும் அச்செடுத்து வைத்திருக்கிறேன்.

ஒன்று இல்லை. இருபத்தாறாவது. தையல்காரர் வீடு, அவருடைய அத்தைக்கு வாக்கர், மே மாதம் இருபதாம் தேதி. மூன்று முறை தேடினேன். பிறகு சோதனைப் பிரிவுப் பெண்ணிடம் கொடுத்தேன். அவளும் ஒரு நாள் முழுக்கத் தேடினாள். அது நீக்கப்படவில்லை. பதியப்படவே இல்லை.

கடைகளிலிருந்து இருபது பேர் பதில் எழுதியிருக்கிறார்கள். தன் கிளினிக்குக்கு இதை வாங்கிய பல் டாக்டர் ஒருவர், பதிவு செய்த பெண்ணை அஜாக்கிரதை என்று ஏப்ரலிலேயே வேலையை விட்டு அனுப்பிவிட்டாராம். எங்கே போனாள் என்று தெரியாது என்கிறார். விசாரித்துக்கொண்டிருக்கிறேன். முதலாளி என்னோடு பேசுவதில்லை. என் தங்கையும்தான்.

மறுபடி மன்னிப்புக் கேட்கிறேன். போன கடிதத்தில் கேட்டது கடைசி வரியில் அவசரமாகக் கேட்டது.

வாலுவின் அக்கா

*

செப்டம்பர் 23

வாலுவின் அக்காவுக்கு,

நலம். படி செங்குத்துதான், பழகிவிட்டது. உங்கள் முதுகைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று வாலு சொல்லச் சொன்னாள். பிறகு, சொல்ல வேண்டாம் என்றாள். தபால்காரர் வரும் நேரத்துக்கு வாசலில் அவளுக்கு ஏதோ ஒரு வேலை வந்துவிடுகிறது.

உங்கள் கடிதத்தில் முப்பது இருக்கிறது என்ற இடத்தை வேகமாகத் தாண்டிவிட்டேன். ‘ஒன்று இல்லை’ என்ற இடத்தில் நின்றேன். முப்பத்தொன்றும் இருக்கிறது என்று எழுதியிருந்தால், நல்ல மனதுக்குச் சொல்கிறார்கள் என்று தாளை மடித்து வைத்துவிட்டு இல்லத்துக்குக் கிளம்பியிருப்பேன்.

மறுநாள் தையல்காரர் வீட்டுக்கு நடந்து போனேன். அவர் ஊசியில் நூல் கோர்த்துக்கொண்டே சொன்னார்: “நீங்க கம்ப்யூட்டர்ல கையை வெச்சீங்க. அதுக்குள்ள வெளிய லாரி ஹாரன் அடிச்சுது, கட்டில் இறக்கணும்னு எழுந்து ஓடினீங்க. நான் வாக்கரைத் தூக்கிட்டு வந்துட்டேன். அதான் நம்ம வீட்டுல இருக்கே, ஆரு கேட்டா?” அவர் சொன்னதும் எனக்கு எல்லாம் வந்துவிட்டது. அன்றைக்கு வந்த லாரி, ஆறு கட்டில், ஓட்டுநரின் அவசரம். உள்ளே இருந்தவள் அதன் பிறகு அதிகம் பேசவில்லை.

இல்லத்துக்கு வரவில்லை என்று எழுதிப் போட்டுவிட்டேன். திங்கட்கிழமையிலிருந்து நான்தான் பதிகிறேன். தம்பி நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் நிற்கிறான். அந்தக் கேள்வி இன்றைக்கு நான்கு தடவை வந்தது. நான்கு தடவையும் ‘இல்லை’ என்று அழுத்தினேன்.

அந்தப் பல் டாக்டரிடம் இருந்த பெண்ணைக் கண்டுபிடியுங்கள். அவளிடம் பட்டியல் எழுதச் சொல்லுங்கள்.

மன்னிப்பை இரண்டு தடவை கேட்டிருக்கிறீர்கள். உங்களைப் போலவே நானும் மூன்று முறை தேடினேன். இப்போதைக்கு என்னிடம் இல்லை. இல்லாததை இருக்கிறது என்று எழுத மாட்டேன். தையல்காரர் வீட்டு வாக்கர் என்னுடையது. மற்ற முப்பதும் உங்களுடையவை.

வாலுவின் நாத்தனார்